முன்பாதக் காய்ப்பு: யூரியா, சாலிசிலிக், அரம், கத்தி – எது எதற்கு?

தெற்குக்காற்று (கேள்வி):

இரண்டாவது, மூன்றாவது கால்விரல்களுக்கு நேர் கீழே முன்பாத மேட்டில் தோல் மஞ்சளாகத் தடித்திருக்கிறது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய அகலம். ஓரம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி சுற்றுத்தோலோடு கலந்துவிடுகிறது. கெட்டியான தரையில் வெறுங்காலோடு நின்றால் வலி அதிகம். சர்க்கரை நோய் இல்லை, பாதத்தில் உணர்ச்சி நன்றாக இருக்கிறது. நின்றபடியே செய்யும் வேலை.

கடையில் 25% யூரியா, 40% யூரியா, சாலிசிலிக் அமில பிளாஸ்டர், அதே அமிலம் திரவமாக, பியூமிஸ் கல், உலோக அரம், பேட்டரியில் சுழலும் கருவி என்று வரிசையாக இருக்கின்றன. பாத மருத்துவரிடம் போனால் கத்தியால் சீவி எடுப்பார்கள். இவற்றில் எது சீக்கிரம் வலியைக் குறைக்கும், எது ஆபத்து குறைவு, எதைச் செய்தால் திரும்ப வராது? ஒன்றோடு ஒன்று சேர்க்கலாமா? நடுவில் ஓட்டை போட்ட வட்டப் பட்டைகளால் பயன் உண்டா?

குப்பிமருந்து:

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் காய்ப்புக்குத்தான் பொருந்துகின்றன. இருந்தாலும் நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தோல் ரேகைகள் தடிப்பின் மேலேயும் அறுபடாமல் ஓடினால் காய்ப்பு. கால் ஆணி இதைவிடச் சிறியது, ஓரம் தெளிவானது. அதன் நடுவில் கெட்டியான முளை ஒன்று கூம்பாக உள்ளே இறங்கியிருக்கும், நேராக அழுத்தினால் சுருக்கென்று குத்தும். பாத மரு வைரஸால் வருவது. அங்கே ரேகைகள் ஓரத்தோடு விலகிப் போய்விடும், மேல்தோலைத் தேய்த்தால் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் தெரியும், மேலிருந்து அழுத்துவதைவிட இரண்டு பக்கமும் சேர்த்துக் கிள்ளினால்தான் வலி எடுக்கும். மருவைத் தேய்த்த அரத்தை வேறு இடத்தில் வைத்தால் அங்கேயும் மரு வரலாம்.

பலர் கோட்டைவிடுவது பூஞ்சையை. உள்ளங்கால் முழுக்க வறண்டு, ரேகைகளுக்குள் வெள்ளைச் செதில் படிந்து, விரலிடுக்கிலோ நகத்திலோ மாற்றம் இருந்தால், எத்தனை யூரியா போட்டாலும் அது திரும்பிவரும். செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுப் பூஞ்சை மருந்து போட வேண்டியது அது.

இனி மருந்துகள். யூரியா அளவைப் பொறுத்து வேலையை மாற்றிக்கொள்கிறது. 10% வரை ஈரத்தைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். 20–25% ஆனால் செத்த தோலை இளக்கத் தொடங்கும். 40% ஆனால், தோலைக் கெட்டியாக்கும் புரதமான கெரட்டினைக் கட்டி வைத்திருக்கும் பிணைப்புகளைத் தளர்த்திவிடும். உங்கள் நிலைமைக்கு 40% சரி. இரவில் காலைக் கழுவி நன்றாகத் துடைத்து, பட்டாணி அளவு எடுத்துக் காய்ப்பின் மேல் மட்டும் தேய்த்து, மேலே பருத்தி சாக்ஸ். விரலிடுக்கில் படக்கூடாது, அங்கே தோல் ஊறிப் புண்ணாகும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரத்தால் லேசாக எடுங்கள். இரண்டு வாரத்தில் தடிமன் கண்கூடாகக் குறையும். அதற்குப் பிறகு 25%க்கு இறங்கி, வாரத்தில் மூன்று நாள் போட்டால் போதும். வெடிப்பு இருந்தால் எரியும். வெடிப்புக்குள் வாசலின் அடைத்து அது மூடும்வரை பொறுங்கள்.

சாலிசிலிக் அமிலம் இதைவிட வேகமானது. ஆனால் நல்ல தோல், செத்த தோல் என்று அது பார்க்காது. பிளாஸ்டரில் 40% வரை இருக்கும், திரவத்தில் பெரும்பாலும் 12 முதல் 17% வரை. பிளாஸ்டர் ஒட்டுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, பாக்கெட்டில் வந்த வட்டத்தை அப்படியே ஒட்டுவது. தடிப்பைவிட 1–2 மில்லிமீட்டர் சிறியதாக வெட்டி, சுற்றிலும் வாசலின் வளையம் பூசி, காகித டேப்பால் அசையாமல் கட்டுங்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்தால் தோல் வெள்ளையாக ஊறியிருக்கும், அதை மட்டும் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிய பிளாஸ்டர். 14 நாளுக்குள் 5 முறைக்கு மேல் வேண்டாம். வியர்வையில் பிளாஸ்டர் நழுவி அடுத்த தோலில் உட்கார்ந்தால் அங்கே ரசாயனத் தீக்காயம்தான். எரிச்சலோ சிவப்போ வந்தால் உடனே எடுத்து, கழுவி, ஆறும்வரை நிறுத்த வேண்டும்.

முளை உள்ள கால் ஆணிக்கு பிளாஸ்டர் நல்ல தேர்வு. 2013ல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் சுமார் 200 பேரை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். மூன்று மாத முடிவில் ஆணி முழுதாக மறைந்தவர்கள் பிளாஸ்டர் பக்கம் 34%, கத்தியால் சீவிய பக்கம் 21%. ஆனால் உங்களுக்கு இருப்பது ஓரம் கலங்கிய காய்ப்பு. ஓரத்தில் தடிமன் குறைவு, அங்கே அமிலம் சீக்கிரம் நல்ல தோலை எட்டிவிடும். அதனால் நான் யூரியாவைத்தான் சொல்வேன். இரண்டையும் ஒரே இரவில் போடாதீர்கள். யூரியா தோலைத் திறந்துவிடுவதால் அமிலம் எதிர்பார்த்ததைவிட ஆழமாக இறங்கும்.

பூண்டு வைத்துக் கட்டுவதை யாராவது சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன்: பச்சைப் பூண்டு தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கும். எவ்வளவு ஆழம் போகும் என்பதும் கையில் இல்லை. பிளாஸ்டிக் உறையில் காலை நுழைக்கும் 'ஃபுட் பீல்' வகை, பழ அமிலங்களால் பாதம் முழுக்க மேல்தோலை உரிக்கும். அழகுக்குச் சரி, வலிக்கும் தடிப்பின் அடிவரை அது போகாது.

பாதம்நோக்கி:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன், அரம் போடும் விதத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊறவைத்துத் தேய்ப்பது பழக்கமாகிவிட்டது. ஆனால் ஊறிய தோல் உப்பி ரப்பர் பதத்துக்கு வருவதால் எவ்வளவு எடுத்தோம் என்று தெரியாமல் போகும், அரத்தில் கட்டியாக உருண்டு கிழியவும் செய்யும். காய்ந்த தோலில் தேய்த்தால் பொடியாக உதிரும், எங்கே நிறுத்துவது என்று கண்ணுக்கும் விரலுக்கும் தெரியும். பியூமிஸ் கல் மட்டும் விதிவிலக்கு, அதைக் காய்ந்த தோலில் இழுத்தால் சிராய்க்கும். வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடம் காலை வைத்துவிட்டு, கல்லையும் நனைத்துத் தேய்க்க வேண்டும்.

அரம் என்றால் உப்புத்தாள் ஒட்டிய இருபக்க அரம் போதும். முரட்டுப் பக்கம் ஒரே திசையில் பத்துப் பன்னிரண்டு இழுப்பு, பிறகு மென்மையான பக்கம் சில இழுப்பு, நிறுத்தி விரலால் தடவிப் பாருங்கள். தோல் இளஞ்சிவப்பாகத் தெரியத் தொடங்கினாலோ சூடு உறைத்தாலோ தாண்டிவிட்டீர்கள். முழுவதையும் ஒரே நாளில் எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. கொஞ்சம் தடிமன் மிச்சம் இருப்பது பாதத்துக்கு நல்லதுதான். காய்கறி துருவுவது போன்ற பற்கள் உள்ள உலோகத் தகட்டையும், சவர பிளேடு பொருத்திய சீவு கருவியையும் வாங்காதீர்கள். தட்டையான பிளேடு வளைந்த இடத்தில் திடீரென ஆழம் போகும், அங்கே கிருமி நுழைந்தால் பாதம் முழுக்க வீங்கும். சுழலும் கருவி பரவாயில்லை. காய்ந்த தோலில், அழுத்தாமல், ஓர் இடத்தில் 3–4 வினாடிக்கு மேல் நிறுத்தாமல் நகர்த்துங்கள். உராய்வுச் சூடு சேர்ந்துவிடும்.

"சீவச் சீவத் தடிமனாகும்" என்பார்கள். சீவுவதால் அது வளர்வதில்லை. அழுத்தம் அப்படியே இருப்பதால் தோல் மறுபடி தன்னைக் காத்துக்கொள்கிறது.

கத்தியைப் பொறுத்தவரை வலிக்கு இதைவிட வேகமான வழி இல்லை. பயிற்சி பெற்ற கை 10 அல்லது 15 எண் பிளேடால் செத்த அடுக்கை மெல்லிய சீவல்களாக எடுக்கும், மரத்துப்போக ஊசி தேவைப்படாது, சில நிமிட வேலை. எழுந்து நிற்கும்போதே வித்தியாசம் தெரியும். தடித்த தோலே உள்ளே இருக்கும் சதையை அழுத்திக்கொண்டிருந்தது, அது போனதும் அந்த அழுத்தம் இறங்கிவிடுகிறது. குறை என்னவென்றால், காரணத்தைத் தொடாவிட்டால் நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் பழைய இடத்தில் பழைய வலி. முதலில் ஒருமுறை சீவி எடுத்து, பிறகு வீட்டில் யூரியாவும் அரமுமாகக் காத்து, செருப்பையும் பட்டையையும் சரிசெய்தால்தான் செலவழித்த காசு நிற்கும்.

லேசர், திரவ நைட்ரஜன், மின்சூட்டுக் கருவி என்று யாராவது சொன்னால், மருவுக்கா காய்ப்புக்கா என்று திருப்பிக் கேளுங்கள். காய்ப்பைச் சுட்டால் உள்ளங்காலில் வடு விழும், அந்த வடு காய்ப்பைவிட மோசமாக வலிக்கக்கூடும். எலும்பை வெட்டி இடம் மாற்றும் அறுவை சிகிச்சை, மற்ற எல்லா வழியும் தோற்ற பிறகு யோசிப்பது. ஓர் எலும்பின் சுமையை இறக்கினால் பக்கத்து எலும்பு அதை வாங்கிக்கொண்டு அங்கே புதுக் காய்ப்பு வருவது அறிந்த பின்விளைவு.

வார்க்கட்டு:

செருப்பு, இன்சோல் பக்கம் வருகிறேன். திரும்ப வராமல் இருப்பது இங்கேதான் முடிவாகிறது.

இரண்டாவது, மூன்றாவது விரலுக்குக் கீழே காய்ப்பு என்றால், பெருவிரலுக்குப் பின்னால் உள்ள முதல் முன்பாத எலும்பு தன் பங்குச் சுமையைத் தாங்கவில்லை, அல்லது இரண்டாவது எலும்பு நீளம், அல்லது கெண்டைச்சதை இறுகிக் குதிகால் சீக்கிரம் தரையைவிட்டு எழும்புகிறது. மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம். பெருவிரலின் உட்பக்க ஓரத்தில் வந்தால் அந்த மூட்டு மடங்கத் தயங்குகிறது. சுண்டுவிரல் பக்கம் வந்தால் ஷூ ஒடுக்கமா, பாதக் குழி உயரமா என்று பார்க்க வேண்டும். குதிகால் ஓரத்தில் வந்தால் பின்பட்டை இல்லாத செருப்பு.

ஓட்டைப் பட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். முன்பாதத்துக்கு அது சரிவராது. சுற்றியுள்ள வளையம் அழுத்த, நடுவில் இருக்கும் சதை ஓட்டைக்குள் பிதுங்கி வீங்கும். விரல் மேல் இருக்கும் சின்ன ஆணிக்கு ஷூ உரசாமல் இருக்க ஒருநாள் இரண்டுநாள் போடலாம். உங்களுக்கு வேண்டியது காய்ப்புக்குப் பின்னால் வைக்கும் மேடு. காய்ப்புக்கு அடியில் எதையும் வைக்கக்கூடாது. ஏற்கெனவே சுமை அதிகமான இடத்தை அது இன்னும் தூக்கிவிடும்.

இடம் குறிப்பது இப்படி. ஷூவின் இன்சோலை வெளியே எடுக்காமல் உள்ளேயே வைத்து, காய்ப்பின் மேல் லிப்ஸ்டிக்கைத் தடவி, வெறுங்காலை ஷூவுக்குள் விட்டு முழு எடையோடு நின்று, இரண்டு அடி நடங்கள். இன்சோலில் ஒரு கறை விழும். மேட்டின் முன் விளிம்பு அந்தக் கறைக்கு 5 முதல் 10 மில்லிமீட்டர் பின்னால், குதிகால் பக்கமாக வர வேண்டும். கடையில் முட்டை வடிவ சிலிக்கான் அல்லது லேடெக்ஸ் மேடு கிடைக்கும், இல்லாவிட்டால் 5–7 மில்லிமீட்டர் கம்பளி ஃபெல்ட்டை வெட்டலாம். ஃபெல்ட் என்றால் ஓரம் முழுக்கச் சரிவாகச் சீவிவிடுங்கள், செங்குத்தான விளிம்பு புதிதாக ஒரு கோட்டுக் காய்ப்பை உண்டாக்கும். முதலில் டேப்பால் தற்காலிகமாக ஒட்டி அரைமணி நேரம் நடந்து பாருங்கள். பாதக் குழிக்கு முன்னால் ஏதோ இருப்பது போல உணர்ந்து, சில நிமிடத்தில் மறந்துபோனால் இடம் சரி. விரல்கள் மரத்தாலோ வலி கூடினாலோ அது முன்னால் போய்விட்டது, 3 மில்லிமீட்டர் பின்னே தள்ளுங்கள். எதுவுமே மாறவில்லை என்றால் ரொம்பப் பின்னால் இருக்கிறது, அல்லது உயரம் போதவில்லை.

இதில் போதிய நிம்மதி கிடைக்காதவர்களுக்கு 'U' வடிவில் வெட்டிய ஃபெல்ட் உண்டு. வாய் விரல்களைப் பார்த்து இருக்க வேண்டும், இரண்டு கைகளும் காய்ப்பின் இருபுறமும் உள்ள எலும்புகளுக்கு அடியில் போய்ச் சுமையை வாங்க வேண்டும். வாய் திறந்திருப்பதால் சதை பிதுங்கும் சிக்கலும் குறைவு.

ஷூ அளவை எண்ணைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். மாலையில், பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும்போது, தாளில் நின்று பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தை வரையுங்கள். ஷூவை அதன் மேல் வைத்தால் கோடு வெளியே தெரியக்கூடாது. மிக நீளமான விரலுக்கு முன்னால் 1 சென்டிமீட்டராவது இடம் வேண்டும். அந்த விரல் பெருவிரலாக இருக்கவேண்டும் என்பதில்லை. குதி உயரம் 3 சென்டிமீட்டருக்குள். பழைய இன்சோலில் முன்பாத இடத்தைக் கட்டைவிரலால் அமுக்குங்கள், தட்டையாகிப் பள்ளம் விழுந்திருந்தால் மேல்தோல் புதிதாகத் தெரிந்தாலும் அது முடிந்துபோன இன்சோல்.

கதவுக்கோணம்:

குறுக்கே ஒரு கேள்வி. சர்க்கரை இருப்பவர்களும் இதே யூரியா–அரம் முறையைப் பின்பற்றலாமா?

பாதம்நோக்கி:

வேண்டாம். உணர்ச்சி குறைந்த காலில் அமிலம், பிளேடு, வெந்நீர் மூன்றுக்கும் இடமில்லை. சுட்டாலும் கிழிந்தாலும் தெரியாது, தெரியும்போது புண் ஆழமாகியிருக்கும். வறட்சிக்கு 10% யூரியா போடலாம், விரலிடுக்கை விட்டுவிட்டு. தடிப்பை எடுப்பது பயிற்சி பெற்றவர் கையில்தான், ஆனால் அதைத் தள்ளிப்போடவும் கூடாது. காய்ப்பு அடியில் இருக்கும் சதையை நசுக்கிக்கொண்டே இருக்கும். 10 கிராம் நைலான் இழையால் குத்திப் பார்க்கும் எளிய சோதனை உணர்ச்சி எப்படி இருக்கிறது என்று காட்டிவிடும். காய்ப்புக்குள் கருஞ்சிவப்பாகக் கறை தெரிந்தால் உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். மேலே தோல் மூடியிருந்தாலும் அதைப் புண்ணாகவே கருதி உடனே காட்ட வேண்டும். இரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் இதே விதி.

தெற்குக்காற்று:

தெளிவாக இருக்கிறது. இரண்டு சந்தேகம் பாக்கி. அரம் போட்ட பிறகு நடுவில் பழுப்பாக ஒரு புள்ளி தெரிகிறது, சர்க்கரை இல்லாதவர்களுக்கு அது பொருட்படுத்த வேண்டியதா? இன்னொன்று, வேலையில் போடுவது இன்சோலைக் கழற்ற முடியாத செருப்பு. அங்கே மேடு எப்படி வைப்பது?

பாதம்நோக்கி:

பொருட்படுத்துங்கள். பெரும்பாலும் அழுத்தத்தில் கசிந்து காய்ந்த இரத்தமாக இருக்கும், அப்படியானால் சீவச் சீவ உதிர்ந்து போகும், அல்லது தோல் வளர்ச்சியோடு மேலே வந்து சில வாரத்தில் காணாமல் போகும். தொட்டதும் ஊசிமுனைபோல் இரத்தப் புள்ளிகள் வந்தால் மருவா என்று மறுபடி பாருங்கள். தேய்த்த பிறகும் அதே இடத்தில் நின்றால், அகலமானால், நிறம் சீராக இல்லாவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கருமையான தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்று வந்தால் அது உள்ளங்காலில் வருவது சகஜம், காய்ப்புக்கு அடியில் ஒளிந்திருந்தால் காலம் கடந்துதான் தெரியும். இன்றைக்கு ஓர் அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்துவையுங்கள், ஒப்பிட உதவும். அந்தப் புள்ளி என்னவென்று தெரியும்வரை சாலிசிலிக் வேண்டாம்.

கெண்டைச்சதையையும் பார்த்துவிடுங்கள். முழங்காலை மடக்காமல் உட்கார்ந்து பாதத்தை மேல்நோக்கி இழுத்தால் செங்குத்தைத் தாண்டி வராவிட்டால் இறுக்கம்தான். சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, முழங்கால் நேராக, குதிகால் தரையைவிட்டு எழாமல் 30 வினாடி. ஒரு காலுக்கு மூன்று முறை, காலையும் மாலையும். பலன் தெரிய சில வாரம் ஆகும், நடுவில் விட்டுவிட்டால் மீண்டும் இறுகும்.

வார்க்கட்டு:

கழற்ற முடியாத செருப்பு என்றால் இரண்டு வழி. செருப்பில் பாதம் படும் தளத்தின் மேல் நேரடியாக, மேலே சொன்ன லிப்ஸ்டிக் குறியை வைத்து மேட்டை ஒட்டலாம். தோல் செருப்பில் பசை நிற்க, ஒட்டும் இடத்தை முதலில் ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிடுங்கள். இல்லாவிட்டால் பசை உள்ள ஃபெல்ட்டைப் பாதத்திலேயே ஒட்டி மேலே டேப் போடலாம். இது மூன்று நாலு நாள் தாங்கும், நனைந்தால் அன்றே மாற்றுங்கள், ஈர ஃபெல்ட் தோலை ஊறவைத்துவிடும். யூரியா பூசிய இரவுக்கு மறுநாள் அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பசை ஒட்டாது, சோப்பு போட்டுக் கழுவி உலர்த்திய பிறகு ஒட்டுங்கள். ஃபெல்ட் அமுங்கிப் பாதி உயரத்துக்கு வந்ததும் வேலை செய்வதை நிறுத்திவிடும், பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். நின்ற வேலைதான் தொடரும் என்றால், அடுத்த செருப்பு வாங்கும்போது முன்பக்கம் மேல்நோக்கி வளைந்த விறைப்பான அடி உள்ளதைத் தேடுங்கள். அடி எடுத்து வைக்கும்போது விரல் மூட்டு குறைவாக மடங்கும், முன்பாதத்தில் விழும் உச்ச அழுத்தமும் இறங்கும்.